பிளாஸ்டிக் பையும் கோப்பும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் சட்ட மாணவர்களின் சமூகப் பணி

சமூக மண்டபத்திலோ கோயில் அன்னதானக் கூடத்திலோ நடக்கும் சட்ட உதவி முகாம்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பையோடு வருகிறார்கள். பேரங்காடியில் கொடுத்த பை. உள்ளே குழந்தையின் தடுப்பூசி அட்டை, மருத்துவமனைச் சீட்டு, பள்ளிக்கூடம் அனுப்பிய கடிதம், மடிப்பு விட்டுப்போன அடையாள அட்டை நகல், எப்போதோ கட்டிய தண்ணீர்க் கட்டண ரசீது. எது தேவைப்படும், எது தேவைப்படாது என்று சொல்லித்தர ஆள் இல்லாததால் எதையுமே தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்த பை அது.

மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருக்கும் சட்ட மாணவி ஒப்பந்தச் சட்டமும் குற்றவியல் சட்டமும் படித்துத் தேறியவர். முன்தீர்ப்புகளின் பெயர்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அந்தப் பையைப் பிரித்து, எது சாட்சியம், எது குப்பை என்று அடுக்க மட்டும் எந்த விரிவுரையும் அவருக்குச் சொல்லித் தந்திருக்காது. அந்தக் கலை முகாமில்தான் கைகூடுகிறது. அப்படியானால் சமூகச் சட்டப் பணி மாணவருக்கு உண்மையில் எதைக் கற்பிக்கிறது? அந்தக் கல்விக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் முன்னிறுத்தி இந்த இரண்டு கேள்விகளையும் பார்ப்போம்.

வழக்கறிஞர் உருவாகும் பாதை

மலேசியாவில் வழக்கறிஞராக இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று உள்நாட்டுப் பல்கலைக்கழகம். 1972-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை தொடங்கியது. பின்னர் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் போன்றவையும் சட்டப் பட்டம் வழங்கத் தொடங்கின. மற்றொன்று தனியார் கல்லூரி வழி. லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தையோ வேறொரு பிரிட்டிஷ் பட்டத்தையோ இங்கிருந்தபடியே படித்து, பிறகு சி.எல்.பி. எனப்படும் சட்டத்தொழில் சான்றிதழ்த் தேர்வை எழுத வேண்டும். இந்த வழியில் வந்தவர்களிடம் 1991-இல் தொடங்கப்பட்ட பிரிக்பீல்ட்ஸ் ஏசியா கல்லூரியின் பெயரைச் சொன்னால் போதும், அவரவர் மாணவப் பருவக் கதை ஒன்று வரும். அரசுப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்கு இடம் கிடைக்காத தமிழ் மாணவர்கள் பலருக்கு இந்த இரண்டாவது வழிதான் கதவைத் திறந்தது.

சி.எல்.பி. தேர்வில் ஐந்து தாள்கள். உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில்முறை நடைமுறை, பொதுத்தாள். 'நடைமுறை' என்ற சொல் அடிக்கடி வந்தாலும் எல்லாமே தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுவதுதான். கண்ணீரோடு நிற்கும் கட்சிக்காரர் ஒருவரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று எந்தத் தாளும் கேட்பதில்லை. அது வருவது கடைசியில், சேம்பரிங் எனப்படும் ஒன்பது மாதப் பயிற்சிக் காலத்தில். அப்போது பயிற்சி வழக்கறிஞர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் 14 நாள் பணியாற்ற வேண்டும். சிறைக் கைதிகள், கணவனிடம் அடிபட்டு வந்த பெண்கள், சம்பளம் கிடைக்காத தொழிலாளர்கள் என இதுவரை புத்தகத்தில் 'வாதி', 'பிரதிவாதி' என்று இருந்தவர்கள் முதன்முறையாக முகத்தோடு எதிரே உட்காருகிறார்கள்.

நான்கைந்து ஆண்டுப் படிப்பின் முடிவில் வரும் 14 நாள். மருத்துவ மாணவர் ஒருவர் இத்தனை தாமதமாகத்தான் நோயாளியைப் பார்க்கிறார் என்றால் ஊர் ஒப்புக்கொள்ளுமா?

மாணவருக்கு எங்கே இடம்?

ஏழைகளுக்கான சட்ட உதவி இந்நாட்டில் மூன்று தூண்களில் நிற்கிறது. முதலாவது அரசாங்கத்தினுடையது. 1971-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் இயங்கிய பிரோ பந்துவான் குவாமான் (சட்ட உதவிப் பணியகம்), இன்று ஜபாத்தான் பந்துவான் குவாமான் என்ற இலாகாவாகக் குடும்ப வழக்குகள் போன்றவற்றைக் கவனிக்கிறது. இரண்டாவது, 1980-களின் தொடக்கத்தில் வழக்கறிஞர்களே தொடங்கிய சட்ட உதவி மையங்கள். இவற்றுக்காக ஒவ்வொரு வழக்கறிஞரும் ஆண்டுதோறும் 100 ரிங்கிட் கொடுக்கிறார். அரசின் கையை எதிர்பாராமல் ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து நடத்தும் இப்படிப்பட்ட ஏற்பாடு உலகில் அதிகம் இல்லை. மூன்றாவது, 2011-இல் நிறுவப்பட்டு 2012-இல் செயல்படத் தொடங்கிய தேசியச் சட்ட உதவி அறநிறுவனம். கைது, ரிமாண்ட், ஜாமீன், விசாரணை எனக் குற்றவியல் பக்கத்தை இது பார்க்கிறது.

இந்த மூன்று தூண்களின் நிழலில்தான் மாணவர்கள் நிற்க முடியும். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தொழில் சட்டப்படி, தகுதி பெறாத ஒருவர் வழக்கறிஞரைப் போல் செயல்படுவது குற்றம். ஆகவே மாணவர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. தன் பொறுப்பில் சட்ட ஆலோசனை சொல்லவும் முடியாது. எஞ்சுவது மூன்று வேலைகள்: கேட்பது, எழுதுவது, விளக்குவது. பார்ப்பதற்கு எடுபிடி வேலை. ஆனால் தொழிலின் முக்கால் பங்கு இதுதான் என்பதை அனுபவப்பட்ட எந்த வழக்கறிஞரைக் கேட்டாலும் சொல்வார்.

'எல்லாரும் வந்தாங்களே'

கேட்பது என்றால் என்ன என்று கிட்டத்தில் பார்க்க, இங்குள்ள தமிழர் முகாம்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். பையன் இந்நாட்டில் பிறந்தவன், இந்நாட்டுப் பள்ளியில் படிப்பவன். 12 வயதில் மைகார்டு எனப்படும் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் அவன் குடிமகன் அல்ல என்பது வீட்டுக்கு உறைக்கிறது. அப்பாவிடம் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இருக்கிறது. அம்மா தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பிறப்புப் பதிவே இல்லாதவர். வேறு சில குடும்பங்களில் அம்மா வெளிநாட்டவராக இருப்பார்.

மாணவி கேட்கிறார்: "கல்யாணம் எப்போ ஆச்சு, ஆன்ட்டி?"

"அது ஆச்சும்மா, பெரியவன் பொறக்கறதுக்கு முந்தின தைப்பூசம்."

"ரெஜிஸ்டர் பண்ணீங்களா?"

"கோயில்லதான் தாலி கட்டினோம். எல்லாரும் வந்தாங்களே!"

அந்தக் கடைசிப் பதிலில் ஒரு சமூகத்தின் சட்டமே இருக்கிறது. ஊர் கூடி வந்தது, பந்தியில் சாப்பிட்டது, மேளம் கொட்டியது. அந்தம்மாவுக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் 1982 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம், முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவு இல்லையென்றால் பதிவிலாகாவின் கண்ணில் பிள்ளை முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்தவன். அப்படிப் பிறந்த பிள்ளை தாயின் குடியுரிமை நிலையையே பின்பற்ற வேண்டும் என்பது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை. தாயிடம் எதுவும் இல்லை, ஆகவே பிள்ளையிடமும் எதுவும் இல்லை. அப்பாவின் நீல அட்டை சும்மா கிடக்கிறது.

இது ஏதோ ஒரு குமாஸ்தாவின் பிடிவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். மலேசியத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் அந்நாட்டில் பிறந்து, பெற்றோர் பின்னரே திருமணப் பதிவு செய்த பிள்ளையின் வழக்கில், 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் இதே விதியைப் பிள்ளைக்கு எதிராகவே பயன்படுத்தியது. அந்தத் தீர்ப்பு 4-க்கு 3 என்ற மயிரிழையில் வந்தது. அதே ஆண்டின் இறுதியில், கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட குழந்தை ஒன்றின் வழக்கில் அதே நீதிமன்றம் குழந்தையின் பக்கம் நின்றது. சட்டம் இப்படி ஊசலாடும்போது, சங்கதியைச் சரியாகப் பதிவு செய்வதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

இப்போது அந்தப் பிளாஸ்டிக் பைக்குத் திரும்புவோம். மருத்துவமனைச் சீட்டில் பிறந்த இடம் இருக்கிறது. தடுப்பூசி அட்டையில் தாயின் பெயர் இருக்கிறது. பள்ளிக் கடிதத்தில் ஆண்டு இருக்கிறது. குப்பை என்று தோன்றியவை எல்லாம் சாட்சியமாக எழுந்து நிற்கின்றன. 'முந்தின தைப்பூசம்' எந்தத் தேதி என்று பஞ்சாங்கத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துப் பிழையால் மூன்று தாள்களில் மூன்று விதமாக எழுதப்பட்ட தாயின் பெயர் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று நிறுவ வேண்டும். காலவரிசை ஒன்று எழுதி, எந்தத் தேதிக்கு எந்தத் தாள் என்று குறிக்க வேண்டும். அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் குடியுரிமை கேட்டு உள்துறை அமைச்சுக்கு விண்ணப்பிப்பதா, நீதிமன்றம் போவதா என்பதை வழக்கறிஞர் முடிவு செய்வார். ஆனால் அந்தக் காலவரிசை இல்லாமல் அவராலும் முடிவெடுக்க முடியாது. இந்த விண்ணப்பத்துக்கு வயது வரம்பு உண்டு என்பதால் தாமதமும் ஒரு எதிரி.

ஒரு பிற்பகல் இதைச் செய்த மாணவிக்குச் சாட்சியச் சட்டம் வேறு பாடமாகத் தெரியும். 'ஆவணச் சான்று' என்ற தலைப்பைப் படிக்கும்போது அந்தத் தடுப்பூசி அட்டை நினைவுக்கு வரும்.

மூன்று மொழிகளுக்கு நடுவே

கட்சிக்காரர் தமிழில் சொல்கிறார். இடையிடையே மலாய்ச் சொற்கள். மாணவர் குறிப்பெடுப்பது ஆங்கிலத்தில். விண்ணப்பம் போவது மலாயில். இந்த மூன்று படிகளிலும் ஏதாவது சிந்தாமல் பார்த்துக்கொள்வது ஒரு தனித்திறன். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் மாணவரிடம் அது பாதி ஊறிப்போய் இருக்கிறது. ஆனால் எந்தப் பாடத்திட்டமும் அதற்கு மதிப்பெண் தருவதில்லை.

'ரிமாண்ட்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். மகனை ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும், மகனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்துவிட்டது என்றே பல பெற்றோர் நினைக்கிறார்கள். அது தண்டனை அல்ல, விசாரணைக்காக மாஜிஸ்திரேட் அனுமதிக்கும் காவல் என்று விளக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவின்படி, 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றமென்றால் முதலில் 4 நாள் வரையிலும், நீட்டித்தால் இன்னும் 3 நாள் வரையிலும் வைக்கலாம். அதைவிடக் கடுமையான குற்றமென்றால் 7 நாள், பிறகு இன்னொரு 7 நாள். கைதானவர் குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல உரிமை உண்டு என்கிறது 28ஏ பிரிவு. இதை ஒரு தாய்க்குப் புரியும்படி ஐந்து நிமிடத்தில் தமிழில் சொல்ல முடிகிற மாணவருக்குத்தான் அந்தப் பிரிவுகள் உண்மையில் புரிந்திருக்கின்றன. 'பிணை', 'உறுதிமொழி' என்று அகராதித் தமிழில் அடுக்கினால் அந்தத் தாய் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

இந்தச் சமூகத்துக்கு இது ஏட்டளவு விவகாரம் அல்ல. 2007 நவம்பர் 25-இல் மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்ட இண்ட்ராஃப் பேரணியில் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டவர்களை வழிநடத்தியவர்களில் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா காவல் நிலையத்தில் தடுப்புக் காவலில் இருந்த குகன் என்ற இளைஞர் இறந்ததிலிருந்து, லாக்கப் என்ற சொல் எத்தனையோ தமிழ் வீடுகளில் வயிற்றைக் கலக்கும் சொல். பயத்துக்கும் உரிமைக்கும் நடுவே நின்று பேச ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

வழக்கறிஞருக்கு அனுமதியில்லாத இடம்

வழக்கறிஞர் நுழையவே முடியாத மன்றங்களும் உண்டு. மாணவரின் உழைப்பு அங்கேதான் அதிகம் பயன்படும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு 5 ரிங்கிட் கட்டணம் போதும். ஆனால் பயனீட்டாளர் தாமே பேச வேண்டும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையும் அப்படித்தான். பழுதான குளிர்சாதனப் பெட்டியை மாற்றித்தராத கடைக்கு எதிராக ஒரு முதியவர் போகிறார் என்றால், அவருக்குப் படிவம் நிரப்பித் தந்து, ரசீதை ஒட்டி, அங்கே என்ன கேட்பார்கள், எப்படிச் சுருக்கமாகப் பதில் சொல்வது என்று ஒத்திகை பார்க்க வேண்டும். வாதாடும் வித்தையை இன்னொருவர் வாய்வழியாகக் கற்கும் இடம் இது.

வேலை நீக்கம் இன்னொரு மேசை. நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். 61-ஆம் நாள் வந்தால் எத்தனை நியாயம் இருந்தும் கதவு சாத்தப்பட்டிருக்கும். மேலாளர் கூப்பிடுவார் என்று காத்திருந்தே நாளைக் கழித்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம். இந்த மேசையில் உட்காரும் மாணவர் கற்க வேண்டிய முதல் கேள்வி 'என்ன நடந்தது?' என்பதல்ல. 'எந்தத் தேதி?' என்பதுதான்.

மற்ற நாடுகள் செய்தது

மாணவரைச் சமூகச் சட்டப் பணியில் ஈடுபடுத்தும் யோசனை புதியதல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 1893-இலேயே ஏழைகளுக்கு இலவச ஆலோசனைக்கூடம் நடத்தினார்கள். மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவமனை இருப்பதுபோல் சட்டக் கல்லூரிக்கும் வேண்டும் என்று 1933-இல் எழுதினார் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜெரோம் ஃபிராங்க். இந்தியாவில் 1990-களின் பிற்பகுதியில் பார் கவுன்சில் செயல்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியது. சட்டக் கல்லூரிகளில் சட்டப்பணி மையங்கள் அமைக்க 2011-இல் தேசியச் சட்டப்பணி ஆணையம் ஒழுங்குவிதி கொண்டுவந்தது. ஆனால் பல கல்லூரிகளில் அது பலகையும் பதிவேடுமாக நின்றுவிட்டது என்ற குறை பரவலாகவே உண்டு. சிங்கப்பூர் 2013-இலிருந்து சட்ட மாணவர்களுக்கு 20 மணி நேர இலவசச் சமூகப் பணியைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் 2021-இல் வந்த புதிய முறையில், சொலிசிட்டர் ஆவதற்குத் தேவையான இரண்டாண்டு அனுபவத்தில் சட்ட உதவி மையப் பணியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மலேசியாவிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட சில சட்டத்துறைகள் மாணவர்களைப் பள்ளிகளுக்கும் சிறைகளுக்கும் அனுப்பிச் சட்டம் விளக்கவைத்திருக்கின்றன. 2009-இல் வழக்கறிஞர் மன்றம் தொடங்கிய 'என் அரசியலமைப்பு' இயக்கம், அரசியலமைப்பைக் கையடக்க நூல்களாக்கி மக்களிடம் கொண்டுபோனது. ஆனால் விரும்புகிறவர் எடுக்கும் பாடம், ஆர்வமுள்ள விரிவுரையாளர் இருக்கும்வரை நடக்கும் திட்டம் என்பதைத் தாண்டி, படிப்பின் நடுக்கூடத்துக்கு இது வரவில்லை. சி.எல்.பி. வழி வருகிற மாணவருக்கோ அதுவும் கல்லூரியின் நல்ல மனதைப் பொறுத்தது.

யாருடைய செலவில்?

எதிர்வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். முதலாவது, அரைகுறை ஆலோசனை. மாணவர் ஆர்வக்கோளாறில் 'கண்டிப்பா கிடைச்சிடும்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்த வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் ஆறு மாதம் காத்திருக்கும். பணக்காரருக்குத் தவறான ஆலோசனை கிடைத்தால் வேறு வழக்கறிஞரிடம் போவார். ஏழைக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை.

இரண்டாவது, இரகசியம். அடையாள அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது மாணவருக்கு வசதி. ஆவணமில்லாத ஒருவருக்கு அந்தப் படம் ஆபத்தாகலாம்.

மூன்றாவது, மாணவரின் வயிறு. கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து படித்து, இரவில் உணவு விநியோகம் செய்து கட்டணம் கட்டுகிற மாணவருக்குச் சனிக்கிழமை இலவசப் பணி என்பது ஒரு நாள் வருமானம். கட்டாயமாக்கினால் சுமை. விருப்பத்துக்கு விட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அனுபவத்தையும் சான்றிதழையும் எடுத்துக்கொள்வார்கள்.

நான்காவதுதான் இவற்றில் ஆழமானது, அதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். பருவம் முடிகிறது. மாணவர் தேர்வுக்குப் போகிறார், பிறகு பட்டம் வாங்குகிறார். கட்சிக்காரரின் பிரச்சினைக்குப் பருவமும் தெரியாது, பட்டமளிப்பு விழாவும் தெரியாது. குடியுரிமை விண்ணப்பத்துக்குப் பதில் வர ஆண்டுகள் ஆகலாம். அடுத்த முகாமுக்கு அந்தம்மா அதே பையோடு வருகிறார். புதிய மாணவர் ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்கிறார்: "கல்யாணம் எப்போ ஆச்சு, ஆன்ட்டி?" முதல் மாணவி நிறையக் கற்றுக்கொண்டார். அந்தம்மா தன் கதையை நான்காவது முறையாகச் சொல்கிறார். இந்த நிலையில் நடப்பதற்குச் சேவை என்று பெயரில்லை. ஏழையின் நேரத்தை வாங்கி மாணவருக்குப் பாடம் நடத்துகிறோம், அவ்வளவே.

கைமாற்றும் திறன்

ஆகவே சமூகச் சட்டப் பணியை எத்தனை முகாம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மாணவருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்று அளப்பது போதாது. மாணவர் போன பிறகு கோப்பு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். முகம் பார்த்திராத இன்னொருவர் எடுத்துப் படித்தால், ஐந்து நிமிடத்தில் விஷயம் புரிந்து அடுத்த அடியை எடுத்து வைக்க முடிகிறதா? முடிகிறதென்றால் அந்த மாணவர் தொழிலைக் கற்றுவிட்டார். பெரிய நிறுவனங்களில் முதலாண்டு வழக்கறிஞரிடம் மேலதிகாரிகள் எதிர்பார்ப்பதும் இதைத்தான். மாணவருக்கு நல்லதும் கட்சிக்காரருக்கு நல்லதும் ஒன்றாகச் சேருகிற புள்ளி இந்தக் கைமாற்றம்.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம், ஒழுங்குதான் வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் பெயர் போட்டுக் கையெழுத்திடும் வழக்கறிஞர் ஒருவர். கோப்பு மாணவரின் கைப்பேசியில் தங்காமல் சட்ட உதவி மையத்தில் தங்கும் ஏற்பாடு. கட்சிக்காரர் கையில் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம்: இதுவரை என்ன செய்தோம், அடுத்த தேதி எது, யாரைக் கேட்பது. மதிப்பெண் உண்டு, ஆனால் வந்துபோன மணி நேரத்துக்கு அல்ல, கைமாற்றிய கோப்பின் தரத்துக்கு. பகுதி நேர வேலை செய்யும் மாணவருக்குப் பயணப்படி. பழைய சி.எல்.பி.க்குப் பதில் பொதுத் தகுதித் தேர்வு வேண்டும் என்ற பேச்சு பல்லாண்டுகளாக நடக்கிறது. எந்தத் தேர்வு வந்தாலும், ஒரு கட்சிக்காரரை நேரில் கேட்டு எழுதிய காலவரிசை ஒன்றை அதில் ஒரு பகுதியாக்குவது முடியாத காரியம் அல்ல. தமிழ் இயக்கங்களும் கோயில் நிர்வாகங்களும் முகாமுக்கு மண்டபம் தருவதோடு நிற்காமல், பழைய கோப்புகளுக்கு ஓர் அலமாரியும் மாதம் ஒருநாள் தொடர் சந்திப்பும் தந்தால் பாதி வேலை முடிந்தது.

மாலை நான்கு மணிக்கு முகாம் முடிகிறது. நாற்காலிகளை அடுக்குகிறார்கள். அந்தம்மா எழுந்து போகும்போது கையில் அதே பிளாஸ்டிக் பை. ஆனால் உள்ளே தாள்கள் தேதிவாரியாகக் கோத்து ஓர் அட்டைக்குள் இருக்கின்றன. மேலே தமிழில் ஒரு பக்கம். நகல் மையத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் இதே மேசையில் வேறொரு மாணவர் உட்காரலாம். அவர் 'கல்யாணம் எப்போ?' என்று மறுபடி கேட்காமல், "பதில் கடிதம் வந்துச்சா, ஆன்ட்டி?" என்று தொடங்கினால் போதும்.